தனியாக ஏறியவனும் கூடப் போனவர்களும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பனி என்றால் மார்கழிப் பனிதான். விடிகாலையில் கண்மாய்க்கரையில் கொஞ்ச நேரம் நிற்கும், வெயில் ஏறியதும் போய்விடும். இங்கே மலை என்று பெயர் வைத்திருப்பவை எல்லாம் மொட்டைப் பாறைக் குன்றுகள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இமயத்துப் பனிச் சிகரம் ஒன்றில் ஒருவன் ஒரே நாளில் தனியாக ஏறிய கதையை எழுதுவானேன் என்று தோழர் ஒருவர் கேட்டார். மலையேற்றம் வெள்ளைக்காரனின் விளையாட்டு, அதில் நமக்கு என்ன அரசியல் இருக்கிறது என்பது அவர் கேள்வியின் சாரம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ‘தனியாக ஏறினான்’ என்கிற இரண்டு சொல் வாக்கியத்துக்குள் எத்தனை பேர் புதைந்து கிடக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால் அது வெறும் விளையாட்டுச் செய்தியாக நிற்பதில்லை. வரலாறு எழுதுகிறவன் தன் எழுவாயை எப்படித் தேர்ந்தெடுக்கிறான் என்கிற பழைய சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. தவிரவும், இந்த வாக்கியத்துக்கு எதிரே வைத்துப் படிக்கத் தக்க பிரதி ஒன்று நம் மாவட்டத்துக் குன்றின் மேலேயே இரண்டாயிரம் வருஷமாக வெட்டிக் கிடக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் கதை. காஷ்மீரின் வடக்கே, இன்று பாகிஸ்தான் வசம் உள்ள பகுதியில் நிற்கிறது நங்கா பர்பத், 8,126 மீட்டர். உலகத்தில் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் பதினான்கு. அவற்றில், முதன்முதலாக உச்சியைத் தொட்டவன் தன்னந்தனியாகத் தொட்டது இது ஒன்றில்தான். 1953 ஜூலை 3ஆம் தேதி அதிகாலை இரண்டரை மணி வாக்கில், சுமார் 6,900 மீட்டர் உயரத்தில் இருந்த கடைசிக் கூடாரத்திலிருந்து இன்ஸ்புரூக்காரரான ஹெர்மன் பூல் கிளம்பினார். கூட வர வேண்டிய ஓட்டோ கெம்ப்டர் பின்தங்கி, பாதி வழியில் திரும்பிவிட்டார். உயிர்வளி உருளை கிடையாது. பாரம் தாங்காமல் முதுகுப் பையையும் வழியில் போட்டுவிட்டார். மாலை ஏழு மணிக்கு உச்சி. தன் பனிக்கோடரியில் பாகிஸ்தான் கொடியைக் கட்டி நட்டுவிட்டு இறங்கத் தொடங்கியதும் இருட்டிவிட்டது. எண்ணாயிரம் மீட்டர் உயரத்தில், உட்காரக்கூட இடமில்லாத பாறை விளிம்பு ஒன்றில், இரவு முழுக்க நின்றபடியே கழித்தார். மறுநாள் மாலை கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது மொத்தம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று எடுத்த புகைப்படத்தில் 28 வயது மனிதன் கிழவனாக இருக்கிறான். இந்த உடலின் சாதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. நானும் பேசவில்லை.

பூல் தாமே சொன்ன ஒரு விஷயம் உண்டு. இறங்கும்போது தன்னோடு இன்னொருவன் வந்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்ததாம். இதே மாதிரி 1933இல் எவரெஸ்ட்டில் தனியாக ஏறிக்கொண்டிருந்த ஃபிராங்க் ஸ்மைத் தன் கையில் இருந்த இனிப்புக் கட்டியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கொடுக்கத் திரும்பியிருக்கிறார். பின்னால் யாரும் இல்லை. பிராணவாயு குறைந்தால் மூளை இப்படிச் செய்யும் என்கிறார்கள் மருத்துவர்கள். செய்யட்டும். ஆனால் ஒரு பிரதியின் வாசகனாக எனக்கு இது வேறு மாதிரியும் படுகிறது. கணக்கில் எழுதாமல் விட்ட ஆள் கடைசியில் பங்கு கேட்டு வந்து நிற்பது போல் இருக்கிறது.

யார் அந்த விடுபட்டவர்கள்? நங்கா பர்பத்தில் ஏற முதன்முதலில் முயன்றது 1895இல் ஆங்கிலேயர் மம்மெரி. மலையேற்ற நூல்களில் ‘மம்மெரி மறைந்தார்’ என்று படிக்கிறோம். அவரோடு ரகோபிர், கோமன் சிங் என்ற இரண்டு கூர்க்காச் சிப்பாய்களும் மறைந்தார்கள். 1934இல் ஜெர்மானியர் நால்வர், ஷெர்பாக்கள் ஆறு பேர். 1937இல் ஒரே பனிச்சரிவில் பதினாறு பேர். அதில் ஷெர்பாக்கள் ஒன்பது. 1950இல் ஆங்கிலேயர் இருவர். பூல் உச்சியில் நிற்கும் முன்பே அந்த மலை முப்பத்தொரு பேரை வாங்கியிருந்தது. கூட்டிப் பார்த்தால் அவர்களில் பதினேழு பேர் கூலிக்கும் கட்டளைக்கும் போன மலைநாட்டுக்காரர்கள். பாதிக்கு மேல். எந்தச் சரிவில் பனி பெயரும், எங்கே கூடாரம் போடக் கூடாது என்கிற அறிவு இந்தச் சாவுகளிலிருந்து கிடைத்தது. பூல் போன வழி அந்த அறிவின் மேல் போட்ட வழி.

1934 சம்பவத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். புயலில் குழுத் தலைவர் வில்லி மெர்க்ல் மேலே மாட்டிக்கொண்டார். கெய்லே என்ற ஷெர்பா இறங்கிப் பிழைத்திருக்கலாம். இறங்காமல் மெர்க்லோடு இருந்துவிட்டார். நான்கு வருஷம் கழித்து இரண்டு உடல்களும் கிடைத்தன. இதை விசுவாசம் என்று ஜெர்மன் எழுத்துக்கள் கொண்டாடின. எசமானுக்காக உயிர் விட்ட வேலைக்காரன் என்ற சட்டகம் அவர்களுக்கு வசதியாக இருந்தது. கெய்லே அந்தக் குகையில் என்ன நினைத்தார் என்பதற்குச் சாட்சியம் இல்லை. இதே புயலில் ஆங் ட்ஸெரிங் என்கிற இன்னொரு ஷெர்பா, மேலே இருப்பவர்களின் நிலையைச் சொல்லுவதற்காகத் தனியாக இறங்கி வந்தார். பட்டினி, உறைந்து கறுத்த கால்விரல்கள், கண்ணைத் திறக்க விடாத பனிக்காற்று. அந்த மலையில் பூலுக்குப் பத்தொன்பது வருஷம் முன்னால் நடந்த தனிப் பயணம் இது. ஆனால் ‘தனி’ என்கிற பட்டியலில் அது சேருவதில்லை. ஏறுவதுதான் வரலாறு, இறங்குவது வெறும் பிழைப்பு. அதிலும், செய்தி சொல்ல இறங்கி வருகிறவன் தூதன்தானே, நாயகன் இல்லையே!

1953க்குப் பின் நடந்த சண்டை இன்னும் சுவாரசியமானது. பயணத்தை நடத்திய கார்ல் ஹெர்லிகோஃபர், இறந்துபோன மெர்க்லுக்குப் பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான தம்பி. குழுவின் வெற்றி இது, கதையை எழுதும் உரிமை எனக்கு என்றார். பூல் தன் கதையைத் தானே எழுதி வெளியிட்டார். வழக்கு வரை போயிற்று. ‘தனிமனிதனா, குழுவா’ என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் விவாதித்தன. நம் இலக்கியச் சண்டைகளைப் படித்தவர்களுக்கு இந்தத் தொனி பழக்கமானதுதான். இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் முற்றாக மறுப்பதாகத் தோன்றும். ஆனால் இரண்டு தரப்பின் கதையாடலிலும் ஒரே இடம் காலியாக இருக்கிறது. தனிமனிதனும் வெள்ளைக்காரன், குழுவும் வெள்ளைக்காரர்கள். கடைசிக் கூடாரத்தைச் சுமந்துகொண்டு போய் வைத்த ஹூன்சாக்காரர்கள் இந்த எதிர்வின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவர்களில் ஒருவர் அமீர் மெஹ்தி. உறைந்த கால்களோடு நடக்க முடியாமல் கிடந்த பூலை முதுகில் சுமந்து கீழே கொண்டுவந்தவர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். பூலுக்கு இரண்டு கால்விரல்கள் போயின. அடுத்த வருஷம், 1954இல், இதே மெஹ்தி கே2 மலைக்கு இத்தாலியர்களோடு போனார். உச்சிக்குப் போகும் இருவருக்கு வேண்டிய உயிர்வளி உருளைகளை அவரும் வால்டர் பொனாட்டியும் சுமந்து போனார்கள். சொன்ன இடத்தில் கூடாரம் இல்லை. மேலே இருந்தவர்கள் வேறு இடத்தில் போட்டிருந்தார்கள். இருட்டில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் 8,100 மீட்டர் உயரத்தில் இருவரும் திறந்த பனியில் இரவைக் கழித்தார்கள். மறுநாள் அந்த உருளைகளை எடுத்துக்கொண்டு இத்தாலியர் இருவர் உச்சிக்குப் போனார்கள். மெஹ்திக்குக் கால்விரல்கள் அத்தனையும் போயின. பொனாட்டி தன் பெயரைக் காப்பாற்ற அரை நூற்றாண்டு போராடினார். கடைசியில் இத்தாலிய மலையேற்றக் கழகம் அவர் சொன்னதே உண்மை என்று ஏற்றுக்கொண்டது. அந்த அரை நூற்றாண்டில் அவர் ஆல்ப்ஸில் தனி ஏற்றங்களின் சக்கரவர்த்தி ஆகியிருந்தார். மெஹ்தி ஊரில் இருந்தார். பூல் உச்சியில் நட்டுவிட்டு வந்த பனிக்கோடரி 1999இல் ஜப்பானியர் ஒருவர் கையில் கிடைத்தது, பெரிய செய்தியாயிற்று. அதே வருஷம்தான் மெஹ்தி இறந்தார்.

*

இது காலனியம் செய்த வேலை, நம் மரபில் இப்படி இல்லை என்று சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அப்படிச் சொல்ல முடியவில்லை.

தமிழ்ப் பிரதிகளுக்குப் பனிமலை புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை செய்ய இமயத்திலிருந்து கல் எடுத்து வருகிறான். அந்தக் கல்லைத் தோற்றுப்போன கனகன், விசயன் தலைகளில் ஏற்றிக் கொண்டுவருகிறான். இதை ‘தமிழனின் வீரம்’ என்று மேடையில் முழங்கிக் கேட்டிருக்கிறோம். நான் பார்ப்பது வேறு: சுமை தூக்கியவர்களின் பெயர் நம் காப்பியத்தில் அபூர்வமாகப் பதிவாகிற இடம் இது. ஏன் பதிவாகிறது? அவர்கள் அரசர்கள் என்பதால். தலைச்சுமை கேவலம், அந்தக் கேவலத்தை அரசனுக்குச் செய்தோம் என்பதுதான் அந்தக் காட்சியின் மொத்தப் பெருமையும். பிறவியிலேயே சுமக்க விதிக்கப்பட்டவன் சுமந்தால் அதைக் காப்பியம் எதற்குச் சொல்லப் போகிறது?

பெரியபுராணத்தில் இரண்டு பேர் கயிலைக்குத் தனியாகப் போகிறார்கள். காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்கக் கூடாத மலை என்று தலையால் நடந்து ஏறி, போய்ச் சேர்ந்தும் விடுகிறார். ஆனால் அதற்கு முன்பே கணவன், வீடு, தசை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேயுரு ஆகியிருக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் தனியாக மலை ஏற வேண்டுமானால் முதலில் பெண்ணாக இல்லாமல் போக வேண்டும் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரதி வெளிப்படையாகவே சொல்கிறது. அப்பர் கதை நேர் எதிர். காசி வரை கூட வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியே போகிறார். பாதம் தேய்கிறது, கைகளால் தவழ்கிறார், கை தேய்கிறது, மார்பால் உந்துகிறார், பிறகு புரள்கிறார், கடைசியில் அசைவு நின்றுபோகிறது. மலை ஒரு உடலை உறுப்பு உறுப்பாக வாங்கிக்கொள்வதைச் சேக்கிழார் அளவுக்குப் பொறுமையாகச் சொன்ன மலையேற்ற நூல் இருக்குமா தெரியவில்லை. அப்பர் உச்சிக்குப் போவதில்லை. முனிவராக வந்த சிவன் காட்டிய பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். கயிலையைக் காவிரிக் கரையில் பார்க்கிறார். இன்றும் ஆடி அமாவாசைக்கு அங்கே கூட்டம் கூடுகிறது.

உச்சியை விட்டுக்கொடுத்த இந்தக் கதையில் ஒரு அழகு இருக்கிறது. ஒரு அரசியலும் இருக்கிறது. கயிலை சமவெளிக்கு வந்துவிட்டால் மலை ஏற வேண்டியதில்லை. கோயிலுக்கு வந்தால் போதும், கோயிலுக்கு நிலம் கொடுத்தால் போதும். சைவத்துக்கு வருமுன் அப்பர் தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குன்றுகளின் மேல் தனித்தனியாகக் கிடந்த சமணத்தைக் கீழிறக்கி, கோயிலைச் சுற்றிய ஊராக மாற்றிய ஒரு பெரிய இடமாற்றத்தின் சுருக்கமாகவே அந்தத் தவழும் உடல் எனக்குத் தெரிகிறது. நார்த்தாமலை மேலமலையில் இருக்கும் திருமால் குடைவரைக்கு இன்றும் ‘சமணர் குடகு’ என்றுதான் பெயர். குடியிருந்தவர் போன பிறகும் பட்டா பெயர் மாறாத வீடு மாதிரி.

(போகிற போக்கில் ஒன்று. இமயச் சிகரங்களை உயரக் கணக்காக மாற்றிய அளவைப் பணிக்குத் தொடக்கக் கோடு போட்டது 1802இல், சென்னைப் பரங்கிமலையின் அடியில். டெல்டாவின் சமதரையில் குன்று இல்லாததால் லாம்ப்டன் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. ராஜராஜன் தட்சிண மேரு என்று எழுப்பிய கோயில். தென்மேருவின் மேல் ஏறி வடமேருவை அளக்கப் போன கதை. ‘லாம்ப்டன் ஏற்றினார்’ என்று நானும் எழுதிவிட்டேன் பாருங்கள். கயிறு பிடித்தவர் லாம்ப்டனாக இருக்க வாய்ப்பில்லை.)

*

இப்போது சித்தன்னவாசல். எல்லோரும் ஓவியம் பார்க்கப் போகிறார்கள். தாமரைக் குளத்தையும் ஆடும் பெண்ணையும் பார்த்துவிட்டு, வெயிலுக்குப் பயந்து திரும்பிவிடுகிறார்கள். மலை முதுகில் ஏறி அந்தப் பக்கம் போனால் ஏழடிப்பட்டம். பாறைச் சரிவில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர். இன்று பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி இருக்கிறது. அதற்கு முன் அந்தச் சரிவில் ஒரு காலடி தப்பினால் கதை முடிந்தது. உள்ளே பதினேழு கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போல மேடு விட்டு, வழுவழுவென்று இழைத்தவை. தனிமைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? ஒரு ஆள் படுக்க ஒரு படுக்கை, எதிரே வெறும் வானம். நங்கா பர்பத் என்றால் அம்மண மலை என்று பொருள். அம்மணம் என்ற தமிழ்ச் சொல்லே அமணத்திலிருந்து வந்தது என்பார்கள். திசையை உடுத்த துறவிகளின் குன்றையும் அந்தப் பனிமலையையும் ஒரே சொல் தொடுவது தற்செயல்தான். இருந்தாலும் எனக்கு இந்தக் கட்டுரையின் முதல் பொறி அதிலிருந்துதான் கிடைத்தது.

பழைய படுக்கை ஒன்றின் ஓரத்தில் தமிழ்ப் பிராமியில் ஒரு வாசகம் இருக்கிறது. அதன் செய்தி சின்னது. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபோசில் ஊர் இளையர் செய்து கொடுத்த இருக்கை இது. சில எழுத்துகளை அறிஞர்கள் வேறு வேறாகப் பிரித்துப் படிக்கிறார்கள். எருமைநாடு மைசூர்ப் பக்கம் என்பது பலர் கருத்து. அந்த நுணுக்கங்கள் எனக்கு இங்கே முக்கியமில்லை. வாக்கியத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள். எங்கிருந்தோ நடந்து வந்து, எல்லாவற்றையும் துறந்து, மலைமேல் ஒதுங்கியவர் அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. அவர் நான்காம் வேற்றுமையில் இருக்கிறார். எழுவாய், கீழே ஊரில் இருந்த இளையர். ‘காவுடி தனியாக வந்து தங்கினார்’ என்று வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை. தனிமை என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செய்து கொடுத்தது என்று அந்தக் கல் சொல்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தை நங்கா பர்பத்தின் வரலாற்றில் நான் படித்ததில்லை.

இதோடு செஞ்சி பக்கத்துத் திருநாதர்குன்றத்தையும் வைத்துப் படிக்கலாம். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியருடைய நிசீதிகை அங்கே இருக்கிறது. இதைவிடத் தனியான ஏற்றம் வேறு எது? ஆனால் ஐம்பத்தேழு என்று எண்ணியது யார்? செத்தவர் எண்ணி எழுத முடியாது. தினமும் யாரோ ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள், பாறையில் கோடு இழுத்தோ கயிற்றில் முடிச்சுப் போட்டோ கணக்கு வைத்திருக்கிறார்கள், கடைசி நாளைத் தெரிந்துகொண்டு கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன்கூடத் தன் பக்கத்தில் பிசிராந்தையாருக்கு இடம் விட்டு வைத்தான் என்பது புறநானூற்றுச் செய்தி. (ஏழடிப்பட்டத்துப் படுக்கைகள் எல்லாமே சாகக் கிடந்த படுக்கைகள் என்று கைடுகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்துக்கு ஒதுங்கியவர்களும் படித்தவர்களும் பாடம் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள்.)

ஆனால் இங்கேயும் நிறுத்த முடியவில்லை. இளையர் ‘செய்த’ இருக்கை என்றால் செய்வித்த இருக்கை என்றுதான் பொருள். ராஜராஜன் கட்டிய கோயில் மாதிரி. இளையர் யாராக இருந்தாலும், படைவீரர்களோ ஊர்ப் பெரியதனக்காரரின் பிள்ளைகளோ, அவர்களே உளி பிடித்திருக்க மாட்டார்கள். கருங்கல்லை இப்படி வழுவழுப்பாக இழைக்க வருஷக்கணக்கில் பழகிய கை வேண்டும். மலைமேல் போகிற சோறும் தண்ணீரும் யார் தலையில் போயின என்பதும் அந்த வாசகத்தில் இல்லை. இரண்டு பெயரைச் சொன்னதால் கல் நேர்மையானது என்று புல்லரித்துப் போக வேண்டியதில்லை; மூன்றாவது பெயரை அதுவும் விழுங்கிவிட்டது. துறந்தவனுக்கும் கொடுத்தவனுக்கும் கல்லில் இடம் உண்டு, கொத்தியவனுக்கு இல்லை.

கல் உடைப்பது இந்த மாவட்டத்தில் இன்றும் பிழைப்பு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது இங்கே கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை ஊர் உலகமெல்லாம் எழுதியது. படமும் நன்றாக வந்தது. குவாரியைப் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதுவரை ஜல்லி உடைத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் குத்தகைப் பத்திரத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். பாறை உடைக்கிற கை தன் பெயரையும் எழுதுவது, இந்தக் குன்றுகளின் நீண்ட எழுத்து வரலாற்றில் சின்ன விஷயம் இல்லை. ஏழடிப்பட்டத்தைப் பற்றி நூல் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து எழுதி நான் பார்த்ததில்லை. ஒன்று தொல்லியல், மற்றது வளர்ச்சித் திட்டம் என்று வேறு வேறு அலமாரிக்குப் போய்விடுகிறது.

கடைசியாக அந்த ஏழு குழிகள். எந்தக் காலத்தில் வெட்டியவையோ, படுக்கைக்குப் போன துறவிகள் அவற்றில் கால் வைத்துத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அவற்றை வெட்டியவனுக்கு அந்தச் சரிவில் கால் வைக்கக் குழி இல்லை. ஒரு கையில் உளி, ஒரு கையில் சுத்தியல். பிடித்துக்கொள்ள மூன்றாவது கையும் இல்லை. இடுப்பில் கயிறு கட்டி மேலிருந்து யாரோ பிடித்திருக்கிறார்கள்.